அழகர் ஆற்றில் இறங்கும்போது ஷட்டரை எங்கே வைப்பது?

கேள்வி: மைத்துனர் அமெரிக்காவிலிருந்து வாங்கிவந்த ஹேண்டிகேமில், ஏ.வி. பாலத்தில் நின்று ஜூம் செய்து அழகர் வைகையில் இறங்குவதை எடுத்தேன். விளக்கு வெளிச்சத்தில் கருப்புப் பட்டைகள் ஓடுகின்றன. தங்கக் குதிரை வெளுத்துவிட்டது. ஷட்டரை 1/500க்கு ஏற்றினால் படம் இருண்டுபோகிறது. என்ன செய்யலாம்? (மேலூர் வாசகர்)

பதில்: பட்டைகள் கேமராவின் பழுதால் வருபவை அல்ல. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், சோக் வைத்த டியூப்லைட்டும் மலிவான எல்இடி விளக்குகள் பலவும் அதன் இரு மடங்காக, வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கென்று செய்யப்பட்ட உங்கள் கேமராவோ ஆட்டோவில் ஷட்டர் நேரமாக (சென்சார் ஒளியை வாங்கும் நேரம்) பெரும்பாலும் 1/60 வினாடியையே எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்துக்குள் விளக்கின் ஏற்ற இறக்கம் ஒன்றரைச் சுற்றைச் சற்றே தாண்டி அரைகுறையாக நிற்கிறது. சென்சார் படத்தை வரிவரியாகப் பதிவதால், சில வரிகளுக்கு ஒளி கூடியும் சில வரிகளுக்குக் குறைந்தும் கிடைத்து, அதுவே பட்டையாகத் தெரிகிறது. ஷட்டரை மேனுவலில் 1/100 வைத்தால் ஒவ்வொரு வரியும் ஒரு முழுச் சுற்றைப் பெறும்; 1/50 இருந்தால் இரண்டு சுற்று. இரண்டிலும் பட்டை மறைந்துவிடும். ஜெனரேட்டரில் எரியும் விளக்குகளுக்கும் ஓடிஓடி எரியும் சீரியல் செட்டுகளுக்கும் மட்டும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

இருட்டுக்கு வருவோம். 1/500இல் உள்ளே வரும் ஒளி 1/100இல் வருவதில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த இழப்பை ஈடுகட்ட, கேமரா முதலில் ஐரிஸை (லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை) முழுதாகத் திறக்கும், பிறகு கெயினை (மின்னணு முறையில் வெளிச்சத்தைப் பெருக்கும் அளவு) ஏற்றும். இரண்டும் எல்லையைத் தொட்டபின் படம் இருளத்தான் செய்யும். போதாக்குறைக்கு, இத்தகைய லென்ஸ்களில் ஜூம் நீள நீள ஐரிஸ் திறக்கும் அளவும் குறைகிறது. பாலத்தை விட்டுக் கரையோரம் இறங்கி, ஜூமைக் குறைத்து எடுத்தாலே கணிசமான வெளிச்சம் மிச்சமாகும் (இடம் கிடைத்தால்!). பக்தர்கள் தோல்பைத் துருத்தியிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் 1/500இல் முத்து முத்தாக உறைந்தும், 1/100இல் மெல்லிய கோடுகளாக நீண்டும் தெரியும். வீடியோவில் எனக்குக் கோடுதான் பிடிக்கும். உறைந்த துளிகள் புகைப்படத்துக்கு அழகு, ஓடும் படத்தில் வெட்டி வெட்டித் தெரியும்.

குதிரை வெளுப்பதற்கு ஷட்டர் காரணமன்று. விடியுமுன் கருத்திருக்கும் வானத்தையும் கூட்டத்தையும் கண்டு, சட்டகம் முழுவதும் இருட்டு என்று ஆட்டோ கணக்குப் போட்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. எக்ஸ்போஷரை மேனுவலுக்கு மாற்றி, ஸீப்ராவை (வெளுக்கும் இடங்களில் திரையில் கோடு போட்டுக் காட்டும் வசதி) 100இல் இயக்கி, குதிரையின் மேல் விழும் கோடுகள் மின்னும் விளிம்புகளில் மட்டும் எஞ்சும்வரை குறையுங்கள். சுற்றியிருப்போர் முகங்கள் இருளும். பரவாயில்லை, வெளுத்த பொன்னை எடிட்டிங்கில் மீட்க முடியாது, இருண்ட முகத்தை ஓரளவு தூக்கலாம்.

வெயில் ஏறியதும் நிலைமை தலைகீழாகும். அப்போதும் 1/100ஐ மாற்றாமல் இருந்தால், ஐரிஸ் மிகச் சிறிதாகச் சுருங்கிப் படத்தின் கூர்மை குறையும். லென்ஸில் என்டி8 வடிகட்டியை மாட்டினால் ஒளி எட்டில் ஒரு பங்காகும். ஷட்டரைத் தொட வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் ஆற்றங்கரை நெரிசலில் மெனுவைத் தேடிச் செய்ய இயலாது. முந்தைய நாள், அழகரை மதுரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை இரவில், தல்லாகுளத்து விளக்குகளின் கீழ் 1/50, 1/100 இரண்டிலும் சிறிது நேரம் எடுத்து, வீட்டு டிவியில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். கேமராவின் சிறிய திரையில் பட்டைகள் கண்ணுக்குத் தப்பிவிடும்.