கடன் வாங்கிச் செய்யும் கல்வி உதவி

கேள்வி: கோவையில் பம்பு தயாரிக்கும் ஆலை ஒன்றில் மேலாளராக இருக்கிறேன். வயது 47. பிடித்தம் போக மாதம் 92,000 ரூபாய் கைக்கு வருகிறது. அருப்புக்கோட்டைப் பக்கம் உள்ள என் சொந்த ஊரில் 6 ஆண்டுகளுக்கு முன் 3 ஏழைப் பிள்ளைகளின் கல்லூரிச் செலவை ஏற்றேன். அது 11 பேராக வளர்ந்துவிட்டது. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 22,000 ரூபாய் ஆகிறது. ஒவ்வொரு ஜூனிலும் நகையை அடகு வைத்துக் கட்டியதில் 5 ரசீதுகளில் 5.8 லட்சம் நகைக்கடனும், சென்ற ஆண்டு வாங்கிய 3 லட்சம் தனிநபர் கடனும் நிற்கின்றன. என் மனைவியின் அண்ணன் நடத்தும் அறக்கட்டளைதான் பிள்ளைகளைத் தேர்வு செய்கிறது. இந்த மே மாதத்தோடு 4 பேர் படிப்பை முடித்தார்கள். அவர் உடனே வேறு 4 பேரைச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கடன் மேல் 10 லட்சம் கூடுதல் கடன் (டாப்-அப்) வாங்கி, வட்டியை மட்டும் செலவிடும் மூலநிதியாகக் கொடுத்தால் ஆண்டுதோறும் அலைய வேண்டாம், நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச்சலுகையும் உண்டு என்கிறார். முகவர் ஒருவர் அறக்கட்டளையை நியமனதாரராக (நாமினி) போட்டு, காப்பீடும் சேமிப்பும் சேர்ந்த எண்டோவ்மென்ட் பாலிசி எடுக்கச் சொல்கிறார். தொண்டு நிறுவனங்கள் நிதி திரட்டும் சமூகப் பங்குச் சந்தையும் யோசனையில் உள்ளது. சம்பளம் முழுவதையும் கொடுத்த பாலம் கல்யாணசுந்தரம் ஐயாவை நினைக்கும்போது நான் செய்வது குறைவுதான் என்று தோன்றுகிறது. ஆனால் சென்ற மாதம் மைத்துனியின் மகள் காதுகுத்துக்கு என் மனைவி கவரிங் சங்கிலி போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. என்ன செய்வது?

பதில்: அவசரகால நிதி, ஆயுள் காப்பீடு பற்றியெல்லாம் ஆலைக் கணக்குப் பார்க்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் கெடுதல் செய்வது ஒரே ஒரு பழக்கம்தான். பிறருக்குக் கொடுக்கும் பணத்தைக் கடனாக வாங்குகிறீர்கள். கொடுக்கும் தொகை அதிகமா, குறைவா என்பது பிறகு பேச வேண்டிய விஷயம்.

நகைக்கடனுக்கு 11 சதவீத வட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். 5.8 லட்சத்துக்கு ஆண்டு வட்டி ஏறத்தாழ 64,000 ரூபாய். தனிநபர் கடனுக்கு 15 சதவீதம்; முதல் ஆண்டில் நீங்கள் கட்டிய தவணைகளில் 39,000 ரூபாய் அளவுக்கு வட்டிக்கே போயிருக்கும். இரண்டும் சேர்ந்து 1 லட்சத்து 3 ஆயிரம். ஒரு பிள்ளைக்கு 22,000 என்ற உங்கள் கணக்கையே வைத்துப் பார்த்தால், 11 பிள்ளைகளைப் படிக்க வைத்த அதே ஆண்டில் இன்னும் நான்கரைப் பிள்ளைகளின் கட்டணத்தை அடகுக்கடைக்கும் வங்கிக்கும் கொடுத்திருக்கிறீர்கள். ஊரிலுள்ள ஏற்றத்தாழ்வைக் குறைக்கப் புறப்பட்ட பணத்தில் இவ்வளவு, கடன் கொடுத்தவரின் கல்லாவுக்குப் போய்ச் சேருகிறது. ஜூன் வந்ததும் பழைய ரசீதுக்கு வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைத்து, புதிதாக ஒரு நகையையும் கொண்டு போகும் வழக்கம் தொடரும்வரை இது கூடுமே தவிரக் குறையாது.

உங்கள் மாதச் செலவை, நீங்கள் அனுப்பிய தாளில் உள்ளபடியே அடுக்குகிறேன். வீட்டுக்கடன் 24,000, தனிநபர் கடன் தவணை 10,400, நகை வட்டி 5,300, ஏலச்சீட்டு 6,000, குடும்பச் செலவு 32,000, சொந்தப் பிள்ளைகளின் படிப்பு 9,000. மொத்தம் 86,700. மீதி 5,300. ஆண்டுக்கு 64,000 ரூபாய்தான் இன்று உங்களால் கொடுக்க முடிந்த தொகை. நீங்கள் கொடுப்பதோ 2.42 லட்சம். இதே தாளை இன்னொரு விதமாகவும் படிக்கலாம். இரண்டு கடனும் அடைந்து சீட்டும் முடிந்துவிட்டால் மாதம் 27,000 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 3.24 லட்சம், கடனில்லாமல் உங்கள் கையில் நிற்கும். இன்றைய செலவில் 14 பிள்ளைகளுக்கு அது போதும்.

கல்யாணசுந்தரம் அவர்களை ஒப்பிட்டு உங்களைக் குறைத்துக்கொள்கிறீர்கள். ஸ்ரீவைகுண்டம் கல்லூரியில் நூலகராக இருந்த அவர் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, தம் சாப்பாட்டுக்கு வேறு வேலைகள் பார்த்தார்; திருமணம் செய்துகொள்ளவில்லை. 2023இல் பத்மஸ்ரீ பெற்ற அவருடைய வாழ்க்கையில் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அவர் கொடுத்தது அவர் சம்பாதித்ததை. இன்னொருவருடைய தாலிக்கொடியையோ சங்கிலியையோ அவர் அடகு வைக்கவில்லை. பெரிய நிறுவனங்களைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்லும் 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம்கூட, முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைத்தான் கேட்கிறது. கடன் வாங்கிக் கொடு என்று எந்த நிறுவனத்தையும் அது கேட்பதில்லை.

இனி மைத்துனரின் யோசனைக்கு வருகிறேன். 10 லட்சம் டாப்-அப் கடனுக்கு ஒன்பதரை சதவீதம், 15 ஆண்டு என்று வைத்தால் மாதத் தவணை 10,400க்குச் சற்று மேல். மொத்தம் கட்டுவது 18.8 லட்சம் அளவுக்கு வரும். அந்த 10 லட்சத்தை அறக்கட்டளை வங்கி வைப்பில் 7 சதவீதத்துக்குப் போட்டால் ஆண்டுக்கு 70,000 ரூபாய் கிடைக்கும். அதில் மூன்று பிள்ளைகள் படிப்பார்கள். நீங்கள் கட்டும் தவணையோ ஆண்டுக்கு 1.25 லட்சம், அதை நேரே கல்லூரியில் கட்டினால் ஐந்து பிள்ளைகள் படித்து மீதியும் இருக்கும்.

80ஜி பற்றி அவர் சொல்வதும் பாதிதான். உங்கள் ஆலை புதிய வரி முறையில்தான் வரி கணக்கிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முறையில் இத்தகைய நன்கொடைக்குக் கழிவே கிடையாது. பழைய முறைக்குத் திரும்பினாலும், தனியார் அறக்கட்டளைக்குக் கொடுப்பதில் வருமானத்தின் 10 சதவீதம் என்ற உச்சவரம்புக்குள் வரும் தொகைக்கு மட்டும், அதிலும் பாதிக்குத்தான் கழிவு. உங்கள் சம்பளத்துக்கு அது 10 லட்சம் கொடுத்து 10,000 முதல் 15,000 ரூபாய் வரி மிச்சப்படுத்துவதாக முடியும். அறக்கட்டளைப் பத்திரத்தின் நகலையும் அனுப்பியிருந்தீர்கள். அறங்காவலர் மூவரும் ஒரே வீட்டு முகவரியில் இருக்கிறார்கள். உங்கள் மைத்துனரின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியார் உயிலில் எழுதிவைத்த பெருஞ்செல்வம் வழக்குகளில் சிக்கி, அவர் பெயரில் பள்ளி தொடங்க 1842 வரை ஆனது என்பதை நினைத்துப் பாருங்கள். மூலநிதி கொடுப்பவர், அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

எண்டோவ்மென்ட் பாலிசியை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். காப்பீடாகவும் குறைவு, சேமிப்பாகவும் குறைவு. அதில் அறக்கட்டளையின் பெயரை எழுதுவதால் முகவரின் கமிஷன் தருமமாகிவிடாது. சமூகப் பங்குச் சந்தையில் கிடைக்கும் பத்திரம் வட்டியும் தராது, முதலும் திருப்பித் தராது. அது நன்கொடைதான். பங்குச் சந்தை என்ற பெயரைப் பார்த்து முதலீடு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நான் தேடியும் கிடைக்காத செய்தி ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு அரசு தருவது வந்து சேர்கிறதா? அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 முதலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும், சமூகவாரியான உதவித்தொகையும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் தொழிற்படிப்புக்குச் சேர்ந்தவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் ஏற்பாடும் வேறு. தொடர்ந்து படிக்கும் 7 பேரில் 6 பேர் அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் என்கிறீர்கள். ஆண்டுக்கு 72,000 ரூபாய், நீங்கள் அடகு வைக்காமலே, அவர்கள் கணக்குக்கு வந்திருக்க வேண்டும். பெரும்பாலும் இது நின்றுபோவது வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காததாலோ, சான்றிதழில் தகப்பனார் பெயர் ஓர் எழுத்து மாறியிருப்பதாலோதான். கூலிக்குப் போகும் பெற்றோர் அதற்காக இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டுத் தாலுகா அலுவலகத்தில் நிற்க முடியாது, உங்களால் முடியும்.

தனிமனிதரின் கொடைக்குச் சமூகத்தில் இடமில்லை என்று நான் சொல்லவில்லை. 1950களில் பள்ளி மதிய உணவு ஊரார் கொடுத்த அரிசியையும் பருப்பையும் நம்பித்தான் வேரூன்றியது. ஆனால் அரசின் கருவூலம் பெரும்பங்கை ஏற்று, 1982இல் சத்துணவுத் திட்டமாக விரிந்த பிறகுதான் மாநிலம் முழுதும் உள்ள பிள்ளைகளின் பசியை அதனால் தொட முடிந்தது. அரசு கொடுக்க வேண்டியதையும் சேர்த்து நீங்களே உங்கள் நகையிலிருந்து கொடுத்தால், அரசுப் பணம் உரியவரிடம் போகாமல் அங்கேயே கிடக்கும்.

ஆகவே இந்த ஜூனில் புதிய நால்வரை ஏற்காதீர்கள். பாதிப் படிப்பில் இருக்கும் எழுவரைக் கைவிடாதீர்கள். அவர்களுக்கு 1.54 லட்சம் வேண்டும்; அரசுத் தொகை 72,000, உங்கள் மீதி 64,000, தீபாவளி போனஸ் 80,000இல் 18,000. கட்டணத்தை அறக்கட்டளை வழியாக அனுப்பாமல் கல்லூரியிலேயே கட்டுங்கள். மீதி போனஸ் நகைக்கடனுக்கு. பங்குனியில் கைக்கு வரும் 3 லட்சம் ஏலச்சீட்டுப் பணமும் முழுதாக நகைக்கடனுக்கே. அதன் மேல் மைத்துனருக்கு ஏற்கெனவே ஒரு கண் இருப்பதைக் கடிதத்திலேயே பார்த்தேன். தனிநபர் கடன் இன்னும் 24 தவணையில் தானாக முடியும். இப்படிப் போனால் இரண்டரை ஆண்டுக்குள் ரசீதுகள் அனைத்தும் வீட்டுக்கு வந்துவிடும்.

மைத்துனரிடம் மறுத்துப் பேசத் தயங்குகிறீர்கள் என்பது தெரிகிறது. நீங்கள் தனியாகப் பேச வேண்டாம். ஐந்தாவது ரசீது மனைவிக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் சேர்த்து ஐந்தையும் இன்றிரவே அவர் முன்னால் வைத்துவிடுங்கள். அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்பது அவருக்குத் தெரியும். வட்டிக் கணக்கின்படி எந்த ரசீதை முதலில் மீட்டாலும் ஒன்றுதான், எல்லாம் ஒரே 11 சதவீதம்; சங்கிலி இருக்கும் ரசீதிலிருந்து தொடங்குங்கள்.