மைக்ரேன் வலிக்கு லாவெண்டர் எண்ணெய் முகர்ந்தால் குறையுமா?

சிலருக்கு ஓரளவு குறையும், ஆனால் மாத்திரையைத் தூக்கிப் போடும் அளவுக்கு இல்லை.

2012-இல் ஈரானிலிருந்து வெளியான ஒரு சிறிய ஆய்வில் 47 பேர் கலந்துகொண்டார்கள். வலி தொடங்கியதும் மேலுதட்டில் இரண்டு மூன்று சொட்டு தடவி 15 நிமிடம் முகர வேண்டும், இன்னொரு குழுவுக்கு லாவெண்டருக்குப் பதில் வாசனையில்லாத வெறும் பாரஃபின் திரவம். லாவெண்டர் முகர்ந்தவர்களுக்கு 129 தலைவலியில் 92 முறை கொஞ்சமாவது குறைந்தது, பாரஃபின் குழுவில் 68-இல் 32. கவனியுங்கள், ஒன்றுமில்லாத பாரஃபினுக்கே கிட்டத்தட்ட பாதி! அதோடு லாவெண்டர் வாசனையை யாரிடமும் மறைக்க முடியாது என்பதால், நம்பிக்கைக்கும் இதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

முகர்ந்து பார்க்க நினைத்தால் வலி முற்றும்வரை காத்திருக்காதீர்கள். ஒரு பஞ்சிலோ கைக்குட்டையிலோ இரண்டு சொட்டு விட்டு, விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்டு, மூக்கில் ஒட்டாமல் சற்றுத் தள்ளி வைத்து மெதுவாக மூச்சிழுத்தால் போதும். ஆனால் மைக்ரேன் இருக்கும் பலருக்கு வாசனையே வலியைக் கிளப்பும், சோப்பு வாசம்கூட ஆகாது. அதனால் முதலில் தலைவலி இல்லாத ஒரு நாளில் சோதித்துப் பாருங்கள்.

நெற்றியில் தடவுவதென்றால் தேங்காய் எண்ணெய் போன்ற ஏதாவது ஒன்றில் கலந்துதான், நேராகத் தடவினால் சிலருக்குத் தோல் எரியலாம். குடிக்கவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிக்கலாம். அப்புறம், திடீரென்று மண்டை பிளப்பது போன்ற வலி, பேச்சுக் குளறல், கை கால் மரத்துப்போவது வந்தால் எண்ணெயைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.