பப்பாளிப் பால் பட்ட கையும் மகளின் கரப்பானும்

கேள்வி: உடுமலைப்பேட்டைக்கு அருகே பப்பாளித் தோட்டம் வைத்திருக்கிறோம். காயைக் கீறிப் பால் எடுக்கும் நாள்களில் விரலிடுக்கும் மணிக்கட்டும் எரிந்து சிவந்து தோல் உரிகிறது. புரதத்தை வெட்டும் நொதிதான் காரணம் என்கிறார் எங்கள் ஊர் மருத்துவர். என் 8 வயது மகளுக்கு முழங்கை மடிப்பில் கரப்பான் (எக்ஸிமா என்னும் தோல் அழற்சி) இருக்கிறது. என் கையிலிருந்து அவளுக்குத் தொற்றியிருக்குமா?

பதில்: தொற்றியிருக்காது. கரப்பான் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டும் நோயன்று. அந்தக் கவலையை நீங்கள் விட்டுவிடலாம். ஆனால் உங்கள் கையிலும் மகளின் முழங்கையிலும் நடப்பவற்றுக்கிடையே உறவு உண்டு.

பப்பாளிப் பாலில் உள்ள பப்பைன் என்னும் நொதிக்குப் புரதத்தை வெட்டுவதே வேலை. வேகாத ஆட்டுக்கறியில் பப்பாளிக்காய்த் துண்டு ஒன்றைப் போட்டால் கறி மெத்தென்று ஆவது அதனால்தான். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2, கோ 5 ரகங்கள் இந்தப் பாலுக்காகவே விரும்பிப் பயிரிடப்படுகின்றன. காலை வேளையில் காயைக் கீறும்போது வடியும் பால் விரலிடுக்கில் தங்கி வியர்வையோடு ஊறினால், தோலின் மேலடுக்கிலுள்ள புரதங்களையும் அது விட்டுவைப்பதில்லை.

இத்தகைய நொதிகளை நம் தோலும் சுரக்கிறது. மேலடுக்கின் இறந்த செல்களைப் பிணைத்திருக்கும் புரதங்களைக் கல்லிக்ரீன் என்னும் நொதிகள் சிறிது சிறிதாக வெட்டிவிடுவதால்தான் பழைய தோல் கண்ணுக்குத் தெரியாமல் உதிர்கிறது. வெட்டு அளவு மீறாதிருக்க, லெக்டி என்ற தடுப்புப் புரதத்தையும் தோலே உண்டாக்கிக்கொள்கிறது. அதற்கான மரபணு பிறவியிலேயே பழுதுபட்டால், உடல் முழுவதும் சிவந்து உரியும் நெதர்ட்டன் என்ற அரிய, கடுமையான நோய் வருகிறது. கரப்பானில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. எனினும் பரம்பரையாலும் அழற்சியாலும் வலுவிழந்த தோலில் வெட்டு மிகுந்து, தடுப்பு பின்தங்கிவிடுகிறது. இந்த நொதிகளில் சில, தோல் செல்களிலும் நரம்பு முனைகளிலும் உள்ள ஏற்பிகளைத் தூண்டி நேரடியாகவே அரிப்பை உண்டாக்குகின்றன. உங்கள் மகள் இரவில் சொறிவது கெட்ட பழக்கத்தால் அன்று; அதற்காக அவளைத் திட்டாதீர்கள்.

நீங்கள் மாற்றக்கூடிய முக்கியமான ஒன்று சோப்பு. நலமான தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 5. சாதாரணக் குளியல் சோப்போ காரத்தன்மை கொண்டது; அதன் பிஎச் 9 முதல் 10 வரை இருக்கும். தோல் காரத்தன்மைக்கு நகரும்போது கல்லிக்ரீன்களின் வேகம் கூடுகிறது. நம் பகுதியின் ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரில் நுரை வராததால் சோப்பை மேலும் மேலும் தேய்க்கிறோம். கசடும் தோலிலேயே தங்குகிறது. ஆகவே மகளுக்குக் காரமில்லாத, மணமில்லாத கழுவுபொருளைப் பயன்படுத்துங்கள். குளித்துத் துடைத்த ஈரம் காய்வதற்குள் வெள்ளை பாரஃபின் களிம்பைத் தாராளமாகத் தடவுங்கள். படுக்கை விரிப்பை வாரந்தோறும் வெந்நீரில் துவையுங்கள். வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சியின் கழிவிலும் பப்பைன் குடும்பத்தைச் சேர்ந்த நொதி ஒன்று உண்டு. இதே காரணத்தால், பால் எடுக்கும் இடத்திற்கு மகளை அழைத்துச் செல்ல வேண்டாம். பலவீனமான தோல் வழியாகப் பப்பைன் நுழைந்தால் ஒவ்வாமையே உருவாகக்கூடும்.

உங்களுக்கு நீண்ட கைப்பகுதியுள்ள ரப்பர் கையுறை அவசியம். பால் பட்டவுடன், காயவிடாமல், நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். சிவப்பு தணிய ஸ்டீராய்டு களிம்பு தேவைப்படலாம்; எந்த வீரியம், எத்தனை நாள் என்பதைத் தோல் மருத்துவர் முடிவு செய்யட்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும், ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் கலந்த களிம்புகள் தோலை மெலியச் செய்து தீங்கு விளைவிப்பதை அடிக்கடி காண்கிறேன்; தயவுசெய்து அவற்றைத் தொடாதீர்கள்.

மகளின் கரப்பானில் சீழோ தேன்நிறப் பொருக்கோ தோன்றினால் தாமதிக்காமல் காட்டுங்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகளில் சில, தோல் செல்களின் பிணைப்பை வெட்டும் நச்சைச் சுரந்து கொப்புளங்களை எழுப்பும். உலர்ந்த பப்பாளிப் பால் தூளைக் கையாளும்போது உங்களுக்குத் தும்மலோ மூச்சிரைப்போ வந்தால், அது தோலோடு நிற்கும் சிக்கல் அன்று; அந்த வேலையை உடனே நிறுத்திவிட்டு நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள்.