பெண்ணின் பெயரில் தொழில் இருந்தால் என்ன மாறும்? வன்னியிலிருந்து ஒரு பதில்

கேள்வி: பெண் தொழில்முனைவோரை ஊக்குவிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். குடும்பத்துக்கு வருமானம் வந்தால் போதாதா? தொழில் பெண்ணுடையதாக இருப்பதில் அப்படி என்ன முக்கியத்துவம்?

பதில்:

போதாது. நான் இலங்கையின் வடக்கே, வன்னியில், புதுக்குடியிருப்புப் பக்கம் மா அரைக்கும் மில் ஒன்றை நடத்துகிறேன். மிளகாய்த்தூள், வறுத்த அரிசிமா, குரக்கன்மா, காயவைத்த பனங்கிழங்கை அரைத்த ஒடியல்மா ஆகியவற்றைப் பொதி செய்து விற்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

வன்னியில் பெண்கள் உழைக்காத காலம் என்று ஒன்று இருந்ததே இல்லை. வயலில் களை பிடுங்கியவர்களும் அரிவு வெட்டியவர்களும் கச்சான் ஆய்ந்தவர்களும் கரையில் கருவாடு காயவைத்தவர்களும் அவர்கள்தாம். நெல் விற்ற காசு மட்டும் வேறொருவர் சட்டைப்பைக்குப் போனது. ஆகவே உழைப்பைப் பற்றிப் பேசுவதை விட, யார் பெயரில் என்பதைப் பற்றிப் பேச வேண்டும்.

2009இல் போர் முடிந்து, முகாம்களிலிருந்து திரும்பியபோது எத்தனையோ வீடுகளில் ஆண் துணை இல்லை. கணவர் இறந்திருந்தார், அல்லது என்ன ஆனார் என்றே தெரியவில்லை. வீட்டின் முழுப் பாரமும் பெண்ணின் தலையில் இருந்தது. காகிதங்கள் எல்லாம் கணவரின் பெயரில் இருந்தன. வடக்குத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் சொந்தச் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கூடக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். காணாமல் போனவரிடம் எங்கே போய்க் கையெழுத்து வாங்குவது? நீதிமன்றத்தில் அனுமதி பெற வழி உண்டு. ஆனால் பஸ் காசுக்கே யோசிக்கும் ஒருத்தி சட்டத்தரணியைத் தேடிப் போவாளா? இங்கே பலருடைய குடியிருப்பு அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அதன் பின்னுரித்தில், அதாவது உரியவர் இறந்த பின் காணி யாருக்குப் போகும் என்பதில், ஆண் பிள்ளைக்கே முதலிடம் கொடுத்திருந்தது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. ஈடு வைக்கக் காணி இல்லாதவளுக்கு வங்கி கடன் கொடுக்காது. வங்கி கொடுக்காத இடத்துக்கு வேறு ஆட்கள் வந்தார்கள்.

நுண்கடன்காரர்களைச் சொல்கிறேன். காணி கேட்கவில்லை, கணவரின் கையெழுத்தும் கேட்கவில்லை. நான்கைந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும், காசு கையில். கிழமைதோறும் தவணை. கோழிக் கூட்டுக்கென்று எடுத்த கடன் பிள்ளையின் காய்ச்சலுக்குப் போகும், அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன் வரும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும்; அதனால் ஒரே ஒழுங்கையில் வளர்ந்த பெண்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனார்கள். 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் சில கடன்களின் ஆண்டு வட்டி 220 வீதம் வரை போவதாகச் சொன்னார். அதே ஆண்டு, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் கட்ட முடியாமல் விட்ட, 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்தது. அதற்குள் தோடும் தாலிக்கொடியும் அடகுக் கடைக்குப் போயிருந்தன. இதையும் ‘பெண்களின் பொருளாதார வலுவூட்டல்’ என்ற பெயரில்தான் செய்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

வாழ்வாதார உதவி என்று வந்தவற்றிலும் எனக்கு வருத்தம் உண்டு. கோழி, ஆடு, தையல் இயந்திரம். ஒரே கிராமத்தில் வீட்டுக்கு வீடு தையல் இயந்திரம் இருந்தால் துணி தைக்கக் கொடுப்பது யார்? கொடுத்தவர்களின் மனது நல்லது. விற்கும் இடத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை.

விற்கும் இடம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதியோரத்து அம்மாச்சி உணவகத்தைப் பாருங்கள். கட்டடமும் மேற்பார்வையும் மாகாண விவசாயத் திணைக்களத்துடையவை. அடுப்படியும் வருமானமும் பெண்களுடையவை. தோசை, குரக்கன் புட்டு, உழுந்து வடை என்று ஒவ்வொருத்தியும் தன் பலகாரத்தைக் கண்முன்னே சுட்டு விற்கிறாள். பயணிகள் தாமாகவே வந்து இறங்குகிறார்கள். அங்கே ஒருத்தியையும் கைதூக்கிவிட வேண்டியிருக்கவில்லை.

என் மில்லுக்கு வருகிறேன். முதலில் செய்த வேலை, பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரை என் பெயரிலேயே பதிந்தது. “அண்ணாவின் பெயரில் போடுங்கள் பிள்ளை, ஓடித்திரிய வசதி” என்று நல்லெண்ணத்தோடு சொன்னவர்கள் உண்டு. நான் கேட்கவில்லை. பதிவு இருந்ததால் வங்கிக் கணக்கு திறந்தேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தார். பொதியில் முகவரி, நிறை, காலாவதித் திகதி அச்சிட்டேன். அதன் பிறகுதான் வவுனியாவில் ஒரு பெரிய கடை என் தூளை எடுத்தது. 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றபோது மில்லை இழுத்து மூடாமல், நடுச்சாமத்தில் மின்சாரம் வரும் நேரத்துக்கு அரைப்பது என்று தீர்மானித்தேன். அதை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

என்னிடம் வேலை செய்யும் இரண்டு அக்காமாரும் கணவரை இழந்தவர்கள். கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலை இருக்கிறது, மாதச் சம்பளமும் உண்டு. ஆனால் விடியும் முன்னே பஸ் ஏற வேண்டும். சின்னப் பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது? என் மில்லில் மிளகாய் வறுக்கும் வேலை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு தொடங்கும், அவர்கள் திரும்பும் முன் முடியும். இந்த நேரக்கணக்கு எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் நானும் அதே அடுப்படியில் நிற்பவள் என்பதே. பெண் முதலாளியானால் மற்றப் பெண்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டக்கூடியது இதுதான்.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் சிலர் ‘ஊரில் ஒரு பெண்ணுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்’ என்று இந்தத் தளத்திலேயே கேட்டிருந்தார்கள். வாங்கிக் கொடுக்காதீர்கள், அவளிடம் வாங்குங்கள். மாதம் இத்தனை கிலோ தூள், இத்தனை கிலோ ஒடியல் என்று நிலையாகச் சொல்லி, பாதிக் காசை முன்பணமாக அவளுடைய வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். செத்தல் மிளகாய் விலை இறங்கும்போது மொத்தமாக வாங்கிவைக்க அந்த முன்பணம் உதவும். கிழமைக் கடன்காரர் படலையைத் திறக்கத் தேவையும் இருக்காது.