நண்பர்களிடம் விமானச் செலவைப் பங்கு கேட்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் பிரைவேட் பைலட் லைசென்ஸ் வைத்திருக்கிறேன். 4 பேர் உட்காரும் விமானத்தை வாடகைக்கு எடுத்து, வார இறுதியில் 3 நண்பர்களோடு போகத் திட்டம். வாடகையும் எரிபொருளும் சேர்த்து 480 டாலர். "நீதானே ஓட்டுகிறாய், நாங்கள் தலைக்கு 160 போட்டுக்கொள்கிறோம்" என்கிறார்கள். யாராவது வராவிட்டால் ஃபேஸ்புக்கில் போட்டு அந்த இடத்தை நிரப்பலாமா?

பதில்: அந்த 160 டாலர் கணக்கை முதலில் விடுங்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ விதிப்படி பைலட் தன் பங்கைவிடக் குறைவாகக் கொடுக்கக் கூடாது. 4 பேர் பறந்தால் உங்கள் பங்கு குறைந்தது 120 டாலர். ஒருவர் வராமல் 3 பேர் போனால் அது 160 ஆகிவிடும். பங்கு போடக்கூடியது எரிபொருள், ஆயில், விமான நிலையக் கட்டணம், வாடகை இவ்வளவுதான். நீங்கள் காசே போடாமல் ஓட்டினால், உங்கள் அனுபவக் கணக்கில் ஏறும் பறக்கும் நேரத்தையே ஊதியமாக எஃப்.ஏ.ஏ பார்க்கும்; பிரைவேட் லைசென்சில் ஊதியத்துக்கு ஓட்டக் கூடாது.

பலர் கோட்டைவிடுவது அடுத்த விஷயத்தில். அந்த ஊருக்குப் போக உங்களுக்கும் சொந்தக் காரணம் இருக்க வேண்டும். நண்பருக்கு அங்கே ஒரு கல்யாணம், நீங்கள் இறக்கிவிட்டுத் திரும்புகிறீர்கள் என்றால், உங்கள் பங்கைச் சரியாகக் கொடுத்தாலும் தப்புதான்.

ஃபேஸ்புக் பதிவு வேண்டவே வேண்டாம்; பொதுவில் ஆள் கூப்பிட்டால் அது வணிகச் சேவையாகிவிடும். பைலட்டுகளையும் பயணிகளையும் சேர்த்துவைத்த ஃப்ளைட்நவ் இணையதளம், உறுப்பினர்களுக்கு மட்டும்தான் சேவை என்று வாதாடியது. யார் வேண்டுமானாலும் உறுப்பினராகலாம் என்பதால் அது எடுபடவில்லை. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் எஃப்.ஏ.ஏ பக்கம் தீர்ப்பளித்தது; 2017இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விளம்பரத்துக்கு இடமுண்டு, ஆனால் அது உங்களுக்குக் கைகொடுக்காது. மீறினால் லைசென்ஸ் போகலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனமும் கைவிரிக்கலாம்.

அப்புறம், பாதுகாப்பு. பயணிகளை ஏற்ற, கடந்த 90 நாளில் அதே வகை விமானத்தை 3 முறை மேலேற்றித் தரையிறக்கியிருக்க வேண்டும். இரவுப் பயணத்துக்கு அதை இரவிலேயே செய்திருக்க வேண்டும். 2019 ஜனவரியில் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா இறந்த விமானத்தை ஓட்டியவரிடம் காசு வாங்கிப் பயணி ஏற்றும் லைசென்சும் இல்லை, இரவில் பறக்கும் தகுதியும் இல்லை. சாலாவின் ரத்தத்தில் ஆபத்தான அளவு கார்பன் மோனாக்சைடு (எஞ்சின் புகையில் வரும் நச்சு வாயு) இருந்தது. பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு 18 மாதச் சிறை. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சத்தம் போட்டு எச்சரிக்கும் டிடெக்டர் ஒன்றை வாங்கிக் கண்ணெதிரே ஒட்டிவையுங்கள்.

நண்பர்கள் காசு போட்டுவிட்டால், வானம் மூடியிருக்கும்போதுகூட "வேண்டாம்" என்று சொல்ல நாக்கு எழாது. அதனால் இன்றைக்கே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்: வானிலை சரியில்லை என்றால் பயணம் ரத்து, திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேறு வழியும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று.