தங்கச்சி குவைத்தில், ஏஜென்சி கேட்கிறது ஆறு லட்சம்: கட்டலாமா?

கேள்வி: மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கிறோம். என் தங்கச்சிக்கு 27 வயது. தோட்டத்தில் ஏழு வருடம் பேர் போட்டு (தோட்டப் பதிவேட்டில் பெயர் பதிந்து) வேலை செய்தவள், ஒன்பது மாதத்துக்கு முன் குவைத்துக்குப் போனாள். சூப்பர் மார்க்கெட்டில் பேக்கிங் வேலை, 130 தினார் சம்பளம் என்று சொல்லி எங்கள் டிவிஷன் ஆள் ஒருவர்தான் கொழும்பு ஏஜென்சிக்குக் கூட்டிப் போனார். போகும் முன் அம்மா கையில் இரண்டு லட்சம் கொடுத்தார்கள். அங்கே இறங்கிய பிறகுதான் அரபி வீட்டு வேலை என்று தெரிந்தது. ஒப்பந்தத்தில் 100 தினார் என்று இருக்கிறதாம். ஐந்து மாதம் 80 கொடுத்தார்கள், கடைசி நாலு மாதமாக ஒன்றுமில்லை. பாஸ்போர்ட், ஃபோன் இரண்டும் மேடத்திடம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஃபோனில் ஒளிந்துதான் எங்களோடு பேசுகிறாள். ஏஜென்சியில் கேட்டால், "கேரண்டி காலம் முடிஞ்சிட்டு, ஆள் வேணும்னா ஆறு லட்சம் கட்டுங்க" என்கிறார்கள். அம்மா நகையை அடகு வைத்து, மிச்சத்தை வட்டிக்கு எடுக்கப் பார்க்கிறார். தங்கச்சி ஓடிவிடட்டுமா என்று கேட்கிறாள். பணத்தைக் கட்டலாமா? தோட்டத்தில் அவளுக்கு வரவேண்டிய காசு ஏதும் இருக்கிறதா?

பதில்: கட்ட வேண்டாம் தம்பி. நகைகள் வீட்டிலேயே இருக்கட்டும். அந்த ஆறு லட்சத்தைக் கேட்க ஏஜென்சிக்கு என்ன உரிமை என்பதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் தங்கச்சி கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டும், அதுதான் அவசரம்.

அடி, பாலியல் தொந்தரவு, பட்டினி, பூட்டி வைத்தல் என்று உடம்புக்கோ உயிருக்கோ ஆபத்து இருந்தால் அவர் அந்த வீட்டை விட்டு வெளியேறத்தான் வேண்டும். சட்டத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளே இருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அப்படி வெளியேறினால் நேராக இலங்கைத் தூதரகத்துக்கோ பொலிசுக்கோ போக வேண்டும். குவைத்தில் அவசர இலக்கம் 112. வழியில் எவராவது "அக்கா ரூம் இருக்கு, வெளி வேலை இருக்கு" என்று கூப்பிட்டால் போகவே கூடாது. அங்குள்ள நம் ஆட்கள் கல்லிவல்லி என்று சொல்வது அந்த வாழ்க்கையைத்தான். முதலாளி ஒரு தலைமறைவு முறைப்பாடு கொடுத்துவிட்டால் ஆக்காமா (வதிவிட அனுமதி) போய்விடும், பிடிபட்டால் தடுப்பு முகாம், சம்பளப் பாக்கியைக் கேட்கும் பலமும் பாதி போய்விடும். தூதரகத்துக்குப் போனவரின் நிலை வேறு. அவர் ஓடிப் போகவில்லை, முறைப்பாடு கொடுக்கப் போனார் என்று சொல்ல அங்கே ஒரு பதிவு இருக்கும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். கிளம்பும்போது தன் உடுப்பையும் தன் பொருட்களையும் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. பாஸ்போர்ட்டை அலுமாரியில் தேடவும் கூடாது. சம்பளம் கேட்டுப் போன பெண்கள் மீது நகைத் திருட்டு முறைப்பாடு போடுவது முதலாளிமார் பலருக்குக் கைவந்த வழி. பாஸ்போர்ட்டைத் தூதரகம் கேட்டு வாங்கித் தரும். கிடைக்காவிட்டால் ஊர் திரும்புவதற்கான தற்காலிகப் பயணப் பத்திரம் தரும்.

உடனடி ஆபத்து இல்லையென்றால் சில நாட்கள் பொறுக்கச் சொல்லுங்கள். அதற்குள் நீங்கள் இங்கிருந்து செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

இனி அந்த ஆறு லட்சம். ஏஜென்சி சொல்லும் கேரண்டி உண்மையில் இருக்கிறது. குவைத்தில் ஒரு வீட்டுக்காரர் அங்குள்ள ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குக் காசு கட்டித்தான் பணிப்பெண்ணை எடுக்கிறார். முதல் ஆறு மாதத்துக்குள் பெண் வேலை செய்ய மறுத்தாலோ திருப்பி அனுப்ப நேர்ந்தாலோ அந்தக் காசை அலுவலகம் அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கேரண்டி முழுக்க அவ்வளவுதான். அது வீட்டுக்காரரின் காசுக்குக் கொடுத்த உத்தரவாதம், உங்கள் தங்கச்சியின் உரிமைக்கு யாரும் போட்ட கெடு இல்லை. ஒன்பதாவது மாதத்தில் சம்பளம் நின்றாலும் முதல் மாதத்தில் நின்றாலும் சட்டம் ஒன்றுதான்.

அம்மா வாங்கிய இரண்டு லட்சத்தைச் சொல்லித்தான் ஏஜென்சி உங்களை அடக்கிப் பார்க்கும். "காசு வாங்கினீங்கதானே?" என்று கேட்பார்கள். மலைநாட்டுக் குடும்பங்கள் இந்த இடத்தில்தான் தலை குனிந்து விடுகின்றன, ஏதோ பிள்ளையை விற்றுவிட்டது போல. உங்கள் அம்மா அப்படி நினைக்க ஒரு காரணமும் இல்லை. வெளிநாட்டு முதலாளி ஏஜென்சிக்குக் கொடுக்கும் தரகுப் பணத்தில் ஒரு பகுதியைத்தான் ஆள் பிடிப்பதற்காக இப்படிக் கையில் கொடுக்கிறார்கள். அது கடன் என்று அம்மா எதிலாவது கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ போட்டாரா என்று கேளுங்கள். போட்டிருந்தாலும் அதற்காக ஒரு மனுஷியைச் சம்பளமில்லாமல் ஒரு வீட்டில் நிறுத்தி வைக்க எவருக்கும் அதிகாரமில்லை. கடனைக் காட்டி ஆளைப் பிடித்து வைத்து வேலை வாங்குவது 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு நம் தண்டனைச் சட்டக்கோவையின் 358அ பிரிவின்படி குற்றம். அதே திருத்தம் மாற்றி எழுதிய 360இ பிரிவு ஆட்கடத்தலைப் பற்றியது. பொய் சொல்லி ஆளைச் சேர்த்து, கட்டாய வேலையில் மாட்டிவிடுவதும் அதில் அடங்கும். அவர் தன் விருப்பத்தில்தான் போனார் என்ற வாதம், அந்த விருப்பமே பொய்யால் வாங்கப்பட்டது என்று காட்டினால் நிற்காது.

ஆனால் ஒரு விஷயத்தை உங்களிடம் மறைக்காமல் பேச வேண்டும். குவைத்தில் வீட்டு வேலைக்கு 20ஆம் இலக்க விசா, கடை, கம்பனி வேலைக்கு 18ஆம் இலக்க விசா. உங்களிடம் விசாப் பிரதி இருந்தால் எடுத்துப் பாருங்கள். பியூரோ (வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம்) வழியாக வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் எடுக்க வேண்டும். தங்கச்சி அந்தப் பயிற்சிக்குப் போனாரா, போகாமலே சான்றிதழ் வந்ததா, பியூரோவில் வைத்து எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார், அதை யாராவது தமிழில் வாசித்துக் காட்டினார்களா? இவற்றை அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். அவர் பயிற்சிக்கும் போய், வீட்டு வேலை ஒப்பந்தத்திலும் தெரிந்தே கையெழுத்துப் போட்டிருந்தால், சூப்பர் மார்க்கெட் என்று ஏமாற்றினார்கள் என்ற பகுதி பலவீனமாகிவிடும். அதை விசாரணையில் எதிர்த்தரப்பு சொல்லிக் கேட்பதைவிட நீங்கள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. எப்படியிருந்தாலும் சம்பளப் பாக்கிக்கு இதனால் ஒரு குறையும் வராது. ஒப்பந்தத்தில் 100 என்று இருந்தால் 100 கொடுத்தே ஆக வேண்டும்.

வீட்டுப் பணியாளருக்கென்று குவைத்தில் 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வளைகுடா நாடுகளில் இப்படித் தனிச்சட்டம் முதலில் கொண்டுவந்தவற்றில் குவைத்தும் ஒன்று. நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு, வருடத்துக்குச் சம்பளத்தோடு 30 நாள் லீவு. பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கக்கூடாது. சம்பளம் தாமதமானால், தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் 10 தினார் சேர்த்துக் கொடுக்க வேண்டும். முறைப்பாடு வீட்டுப் பணியாளர் திணைக்களத்துக்குப் போகும், அங்கே தீராவிட்டால் நீதிமன்றத்துக்கு. பணியாளர் வழக்குக் கட்டணம் கட்டத் தேவையில்லை.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐந்து மாதம் 20 தினார் வீதம் குறைவு, அது 100. நாலு மாதம் முழுச் சம்பளம், அது 400. ஆக 500 தினார், தாமதப் பணம் தனி. நீங்கள் ஆறு லட்சம் கொடுக்க வேண்டியவர்கள் இல்லை, உங்கள் வீட்டுக்குத்தான் காசு வர வேண்டும். ஏஜென்சிக்காரரோடு பேசும்போது இந்தக் கணக்கு உங்கள் கையில் எழுத்தில் இருக்கட்டும்.

இப்போது இங்கே செய்ய வேண்டியது. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு, நாம் பியூரோ என்று சொல்லும் இடத்துக்கு, எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். தலைமையகம் பத்தரமுல்லை கொஸ்வத்தையில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போகக் காசில்லை என்றால் கண்டி அலுவலகம் இருக்கிறது. அதைவிடப் பக்கத்தில், உங்கள் பிரதேச செயலகத்திலேயே வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். பலருக்கு இது தெரியாமல்தான் கொழும்புக்கு பஸ் ஏறி அலைகிறார்கள். தொலைபேசி இலக்கம் 1989, எந்த நேரமும் எடுக்கலாம். தங்கச்சியின் பாஸ்போர்ட் இலக்கத்தைக் கொடுத்தால் அவர் பதிவு செய்யப்பட்டுப் போனாரா, எந்த ஏஜென்சியின் பெயரில் போனார், ஒப்பந்தத்தில் என்ன சம்பளம் என்பது தெரிந்துவிடும். அந்த ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

பதிவு இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உரிமம் எடுத்த ஏஜென்சியை பியூரோ விசாரணைக்கு அழைக்கலாம், ஒப்பந்தத்தை மீறியதற்குப் பதில் கேட்கலாம், உரிமத்திலேயே கை வைக்கலாம். அழைப்பு வரும் என்று தெரிந்த மாத்திரத்தில் குரலை மாற்றும் ஏஜென்சிகள் நிறைய. பதிந்து போனவர்களுக்கான காப்புறுதியைப் பற்றியும் அங்கேயே கேளுங்கள்.

பதியாமல், விசிட் விசாவில் வேறு நாட்டு வழியாக அனுப்பியிருந்தால் காப்புறுதி போன்ற சில பாதுகாப்புகள் இல்லாமல் போகும். ஆனால் அவர் இலங்கைப் பிரஜை, தூதரகம் அவரைக் கைவிட முடியாது. குற்றமும் இன்னும் பெரிதாகும், அனுப்பியவர் பக்கத்தில். 2022இல் ஓமானுக்கு விசிட் விசாவில் கொண்டுபோகப்பட்ட பெண்களைப் பற்றிய விவகாரம் வெடித்தபோது குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நேரடியாக இறங்கியதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் டிவிஷன் ஆளைப் பற்றி. லயத்துக்கு லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) போய் ஆள் சேர்க்கும் இவர்களிடம் உரிமம் இருப்பதில்லை. உரிமம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது குற்றம். சொந்தக்காரராகவோ, கோயில் கமிட்டியில் கூட இருப்பவராகவோ இருப்பார், முறைப்பாட்டில் பேரை எழுதக் கை கூசும். எழுதுங்கள். நீங்கள் விட்டால் அடுத்த மாதம் அடுத்த லயத்தில் இன்னொரு பிள்ளைக்கு பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருப்பார். அவரோ ஆட்களோ மிரட்டினால் அதையும் தனி முறைப்பாடாகக் கொடுங்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புக் கொடுக்க 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

பொலிசில் வாக்குமூலம் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்துப் போடச் சொல்வார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் போடாதீர்கள். அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. தமிழில் பதியும்படி மரியாதையாகக் கேளுங்கள், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வரும் வரை காத்திருந்தாலும் பரவாயில்லை. "இரண்டு லட்சம் கடன் வாங்கினோம்" என்ற ஒரு வரி அதில் தவறாக ஏறிவிட்டால் வழக்கே திசை மாறிவிடும்.

சாட்சியங்களைப் பத்திரப்படுத்துங்கள். தங்கச்சி அனுப்பிய வொய்ஸ் மெசேஜ்கள் வந்த ஃபோனிலேயே இருக்கட்டும். வேறு ஃபோனுக்கு அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள், அந்த ஃபோனை விற்கவும் வேண்டாம். வங்கியில் காசு வந்த விவரம், ஏஜென்சி ஆறு லட்சம் கேட்ட அழைப்பு எந்த நாள் எந்த இலக்கத்திலிருந்து வந்தது, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் ஒரு கொப்பியில் ஏறட்டும். பணம் கேட்பதை எழுத்தில் தரும்படி ஏஜென்சியிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். தரமாட்டார்கள், தர மறுத்ததையும் குறித்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வருவதா, வேறு வீட்டுக்கு மாறி ஒப்பந்தத்தை முடிப்பதா என்பதைத் தங்கச்சியே முடிவு செய்யட்டும். முதலாளி தவறு செய்திருந்தால் வேறு இடத்துக்கு மாற்றும்படி அங்குள்ள திணைக்களத்திடம் தூதரகத்தின் மூலம் கேட்கலாம். வெறுங்கையோடு வர விரும்பாத பெண்கள் இருக்கிறார்கள், ஒரு நாளும் இருக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். அம்மாவின் அழுகையையும் உங்கள் கோபத்தையும் ஃபோனில் ஏற்றாமல் கேளுங்கள்.

தோட்டத்துக் காசு கட்டாயம் இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத வேலைத்தலத்தில் ஐந்து வருடம் முடித்தவர் தானாக விலகினாலும் சேவைக்காலப் பணம் உண்டு. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். விலகும்போது நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்திருந்தால், ஏழு வருடத்துக்கு 1,32,300 ரூபாய். விலகி 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும், பிந்தினால் மேலதிகப் பணமும் சேரும். வெளிநாடு போனவருக்கு இல்லை என்று ஆபிசில் சொன்னால் நம்பாதீர்கள், ஹட்டன் தொழில் அலுவலகத்தில் முறையிடுங்கள். ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) பணத்தையும் வேலையை விட்டதும் எடுக்கலாம். ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) அப்படியில்லை. பெண்களுக்கு 50 வயது, அல்லது திருமணத்துக்காக வேலையை விடுவது, நிரந்தரமாக வெளிநாட்டில் குடியேறுவது போன்ற காரணங்கள் வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் போனது குடியேற்றமாகாது. அந்தக் காசு எங்கும் போகாது, இருக்கட்டும்.

இவற்றை அவருக்குப் பதிலாக நீங்கள் எடுக்க அற்றோணித் தத்துவம் (அவர் சார்பில் செயற்பட எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) வேண்டும், அதைத் தூதரகத்தில் வைத்து அத்தாட்சிப்படுத்தி அனுப்பலாம். அதற்கு முன் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாஸ்போர்ட், தோட்டத்துச் செக்ரோல் (வேலைப் பதிவேடு) நாலிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் பகுதியில் பெரும்பாலும் இருக்காது. வித்தியாசம் இருந்தால் இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் உங்கள் பக்கத்து நீதிமன்றத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் போங்கள், வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணமில்லாமல் வழக்கை எடுப்பார்கள். திங்கட்கிழமை பிரதேச செயலகத்துக்குப் போகும்போது பாஸ்போர்ட் பிரதியோடு அம்மாவையும் கூட்டிப் போங்கள். இரண்டு லட்சத்தைக் கையில் வாங்கியவர் அவர், அது எப்படிக் கொடுக்கப்பட்டது என்று அவர் வாயாலேயே பதிவாக வேண்டும்.