வாசகர் கேள்வி – பதில்: விபரக்கொத்தில் இடம் கிடைக்காத இணையத்தளம்

கேள்வி: எங்கள் தோட்டத்து இளைஞர்கள் சிலர் சேர்ந்து, காமன் கூத்துப் பாடல்களையும் ஒலிப்பதிவுகளையும் படங்களையும் தொகுத்துத் தமிழில் ஓர் இணையத்தளம் நடத்தி வருகிறோம். தொண்டர்கள் தொகுக்கும் சர்வதேச இணையத்தள விபரக்கொத்து (தளங்களைப் பிரிவு பிரிவாக அடுக்கித் தரும் பட்டியல்) ஒன்றில் அதைச் சேர்க்கும்படி, ஆங்கிலத்தில் உள்ள 'இலங்கை – சுற்றுலா' பிரிவின் கீழ் விண்ணப்பித்தோம். ஓராண்டு கடந்தும் பதில் இல்லை. மாதந்தோறும் மீண்டும் அனுப்புகிறோம். மின்னஞ்சலுக்கும் மறுமொழி இல்லை. தோட்டப்புறத்தார் என்பதால் எங்களை ஒதுக்குகிறார்களா? இனி என்ன செய்யலாம்?
— வாசகர், ஹட்டன்

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது, ஐயத்துக்குத்தான் ஆதாரம் போதாது. விண்ணப்பத்தைப் படித்துவிட்டு ஒதுக்கினார்கள் என்பதைவிட, இதுவரை எவருமே அதைத் திறந்து பார்க்கவில்லை என்பதே நடந்திருக்கக்கூடியது.

தொண்டர்கள் தொகுத்த விபரக்கொத்துகளில் மிகப் பெரியதாக விளங்கிய 'டிமோஸ்' எப்படி இயங்கியது என்று பார்த்தால் காரணம் விளங்கும். ரிச் ஸ்க்ரென்டா, பாப் ட்ரூயல் ஆகியோர் 1998 இல் தொடங்கிய அதனை, அதே ஆண்டில் இணைய உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப் வாங்கியது. 2017 மார்ச்சில் அது மூடப்பட்டபோது, 38 இலட்சத்துக்கும் அதிகமான தளங்கள் 10 இலட்சத்துக்கும் அதிகமான பிரிவுகளில் அடுக்கப்பட்டிருந்தன. தொகுப்பாளர்கள் 90 ஆயிரத்துக்கும் மேல் என்று முகப்பில் காட்டப்பட்ட எண்ணிக்கை, தொடக்கத்திலிருந்து வந்து போன அனைவரையும் சேர்த்துக் கூட்டியதேயன்றி, அன்று பணியில் இருந்தவர்களைக் குறித்ததன்று. ஆகவே பல்லாயிரம் பிரிவுகளுக்குத் தனித் தொகுப்பாளர் இருக்கவில்லை. மேற்பிரிவில் இருப்பவர் ஓய்வு நேரத்தில் இறங்கி வந்து பார்த்தால்தான் உண்டு. அப்படிப் பார்ப்பவரும் வந்த வரிசைப்படி பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தாமாகத் தேடிக் கண்டெடுத்த தளங்களை முதலில் சேர்த்துவிட்டு, விண்ணப்பங்களைப் பிறகு பார்க்கவும் அவருக்கு உரிமை இருந்தது. விபரக்கொத்து தளம் நடத்துவோருக்காக அன்றி, அதைப் புரட்டும் வாசகருக்காகவே தொகுக்கப்படுகிறது என்பது அவர்களுடைய நிலைப்பாடு. அதில் எனக்கும் மாறுபாடு இல்லை.

உங்கள் விண்ணப்பம் தேங்கியதற்குப் பிரிவுத் தெரிவே முதற்காரணமாக இருக்கலாம். டிமோஸ் நடைமுறையில் ஆங்கிலமல்லாத தளங்கள் 'உலகம்' என்ற கிளையில், அந்தந்த மொழியின் கீழ்த்தான் சேர்க்கப்பட்டன. அதன் வழிவந்த விபரக்கொத்தும் அதையே பின்பற்றுகிறது. ஆங்கிலப் பிரிவைக் கவனிக்கும் ஒருவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் உங்கள் தளத்தைப் பார்த்திருந்தாலும், தமிழ்க் கிளையின் பரிசீலனைப் பட்டியலுக்கு அதை நகர்த்திவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போயிருப்பார். அங்கே அதை எடுத்துப் பார்க்க ஆள் இல்லையென்றால் அது அப்படியே கிடக்கும். மேலும், காமன் கூத்து சுற்றுலாச் சரக்கன்று. எல்லவுக்கும் நுவரெலியாவுக்கும் வரும் பயணிகளை எண்ணி அந்தப் பிரிவைத் தெரிந்தெடுத்தீர்கள் என்பது புரிகிறது. ஆனால் மாசி மாதத்தில் தோட்டத்தில் ஆடப்படும் கூத்தின் பாடல்களைத் தேடுபவர், விடுதிகளும் வாகன வாடகையும் நிறைந்த பக்கத்துக்கு ஏன் வரப் போகிறார்? தமிழ்க் கிளையில் நாட்டார் கலை, நாடகம், இலங்கை ஆகியவற்றுள் மிக நெருங்கிய ஒரு பிரிவைத் தேர்ந்து, அங்கே ஒரு முறை மட்டும் விண்ணப்பியுங்கள்.

மாதந்தோறும் அனுப்புவதை உடனே நிறுத்திவிடுங்கள். ஒரே தளத்தைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டாம் என்று டிமோஸ் தன் விதிகளிலேயே கேட்டுக்கொண்டிருந்தது. தொடர்ந்து அனுப்புவோரை விளம்பரக்காரர் வரிசையில் வைத்துப் பார்ப்பது தொகுப்பாளர்களின் இயல்பு.

விளக்கக் குறிப்பும் கவனத்துக்குரியது. 'உலகத் தமிழர் யாவரும் தவறாது காண வேண்டிய மலையகத்தின் முதன்மைத் தளம்' என்று எழுதினால், தொகுப்பாளர் அதை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டியிருக்கும். வேலை கூடுதலானது என்று கண்டு அடுத்த விண்ணப்பத்துக்குத் தாவிவிடுவார். 'மலையகத் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தின் பாடல்கள், ஒலிப்பதிவுகள், படங்கள்' என்று எழுதினால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். 'விரைவில்' என்று மட்டும் எழுதிய வெற்றுப் பக்கங்கள் தளத்தில் இருந்தால் அவற்றையும் நீக்கிவிடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், அவர்களுடைய மௌனத்துக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஊதியமின்றி உழைப்பவரிடம் விரைவை எதிர்பார்க்க முடியாது என்பது உண்மைதான். ஆயினும் விண்ணப்பம் கிடைத்தது, இன்ன பிரிவில் இருக்கிறது, அல்லது இன்ன காரணத்தால் ஏற்கப்படவில்லை என்ற ஒரு வரியைத் தானாக அனுப்புவதற்கு மனித உழைப்பு அதிகம் தேவையில்லை. தொகுப்பாளர்கள் மேல் பாகுபாட்டுக் குற்றச்சாட்டுகள் கிளம்பியதில் அந்த மௌனத்துக்கும் பங்குண்டு.

இனி, இந்தப் பதிவுக்காக இவ்வளவு மனம் வருந்தத்தான் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். ஒரு காலத்தில் கூகுளே டிமோஸின் தரவைக் கொண்டு தனி விபரக்கொத்து நடத்தியது. அதை 2011 இல் மூடிவிட்டது. யாஹூவின் விபரக்கொத்து 2014 இறுதியில் நின்றது. டிமோஸ் மூடப்பட்ட பின்னர் அதன் தொகுப்பாளர்கள் 'கேர்லி' என்ற பெயரில் பணியைத் தொடர்ந்தாலும், தேடுபொறியில் தளமொன்றின் இடத்தை விபரக்கொத்து தீர்மானிக்கும் என்ற நிலை இன்று இல்லை. தளம் நடத்துவோருக்காகக் கூகுள் வழங்கும் 'சேர்ச் கன்சோல்' சேவையில் தளத்தைப் பதிந்து, தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் வரைபடத்தைச் (sitemap) சமர்ப்பிப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. பாடல்களின் முதலடிகளைப் படமாக அன்றி எழுத்தாகவே பக்கத்தில் இடுங்கள். தேடுபவர் அந்த அடிகளைத்தான் தட்டச்சு செய்வார். ஒலிப்பதிவுகளைப் பாதுகாப்பது பற்றி, இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் 'நூலக நிறுவனம்' என்ற அமைப்புடன் பேசிப் பார்ப்பது எந்த விபரக்கொத்துப் பதிவைவிடவும் பயனுள்ளது என்பது என் கருத்து.

கேள்வி: கட்டணம் செலுத்தினால் இத்தகைய விபரக்கொத்தில் உடனே சேர்த்துத் தருவதாக ஒருவர் கூறுகிறார். நம்பலாமா?
— வாசகி, நுவரெலியா

பதில்: கொடுக்காதீர்கள். யாஹூ தன் விபரக்கொத்தில் வர்த்தகத் தளங்களைப் பரிசீலிக்க 299 டொலர் வெளிப்படையாக அறவிட்டது. அங்கே பணியாற்றியவர்கள் ஊதியம் பெற்ற ஊழியர்கள். தொண்டர்கள் தொகுத்த டிமோஸில் விண்ணப்பம் இலவசமாக இருந்தது. தொகுப்பாளர் காசு வாங்குவது பதவியை இழக்கத்தக்க குற்றமாக இருந்தது. இலவசமான ஒன்றுக்குக் கட்டணம் கேட்பவர், ஒன்றும் செய்யாமலேயே பணத்தை வைத்துக்கொண்டு 'இன்னும் பரிசீலனையில் இருக்கிறது' என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: காத்திருப்பதைவிட, நானே தமிழ்ப் பிரிவுக்குத் தொகுப்பாளராக முடியுமா?
— வாசகர், பதுளை

பதில்: முடியும். இந்தச் சிக்கலைத் தீர்க்க அதுவே நேர்வழி. டிமோஸ் விண்ணப்பத்தில் கேட்கப்பட்டவை இவைதான்: எந்தப் பிரிவு வேண்டும், அதில் ஏன் ஆர்வம், சேர்க்கத்தக்க இரண்டு மூன்று தளங்கள் எவை, உங்களுக்குத் தொடர்புள்ள தளங்கள் எவை. கடைசிக் கேள்விக்கு மறைக்காமல் பதிலளியுங்கள். சொந்தத் தளத்தைச் சேர்ப்பதை விதி தடுக்கவில்லை. அதற்கு முன்னுரிமை கொடுத்து, போட்டித் தளங்களை விலக்குவதைத்தான் தடுத்தது. 'இலங்கை' முழுவதையும் முதலிலேயே கேட்டால் மறுத்துவிடுவார்கள். பத்துப் பதினைந்து தளங்கள் உள்ள ஒரு சிறு பிரிவைக் கேளுங்கள். மாதிரிக் குறிப்புகளில் எழுத்துப்பிழை இல்லாமலும் புகழ்ச்சி இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களை ஏற்பதா மறுப்பதா என்பதை அவற்றைப் படித்தே முடிவு செய்வார்கள்.